ரேஸோவில் காணாத பெட்டி

எங்கள் வீட்டுக் கூடத்தில் டிவிக்குக் கீழே ஒரு கறுப்புப் பெட்டி இருக்கிறது. இரண்டு செங்கல்லைச் சேர்த்து வைத்த அளவு. உள்ளே இரண்டு ஹார்ட் டிஸ்க். ஒன்றில் எழுதுவதை மற்றதிலும் அப்படியே எழுதிக்கொள்ளும். பின்பக்கம் ஒரு மின்கம்பி, ஒரு நெட்வொர்க் கம்பி. நெட்வொர்க் கம்பி ரௌட்டருக்குப் போகிறது. வீட்டில் எந்தக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தாலும் அதற்குள் ஃபைல் போடலாம், எடுக்கலாம். நாஸ் என்று பெயர். பெங்களூரில் இருக்கும் மகன் 2011-இல் வாங்கி வைத்துவிட்டுப் போனான். முதல் மூன்று வருடம் பேரப்பிள்ளைகள் போட்டோ மட்டும்தான் அதில் இருந்தது.

2014 நவம்பரில், மழையில், புதுச்சேரி கடற்கரைச் சாலையில் இருந்த பழைய மேரி கட்டடம் இடிந்து விழுந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கட்டடம். மறுநாள் போய்ப் பார்த்தேன். எத்தனையோ தடவை படியேறின இடம், சுண்ணாம்பும் செங்கல்லுமாகக் குவிந்து கிடந்தது. வீட்டுக்கு வந்ததும் பரணில் இருந்த டிரங்குப் பெட்டியைத்தான் முதலில் இறக்கினேன். அப்பாவின் காகிதங்கள், தாத்தாவின் காகிதங்கள், நிலப்பத்திரங்கள், பிரெஞ்சுக்காரன் காலத்துப் பிறப்பு, கல்யாண, இறப்புப் பதிவு நகல்கள் என்று கிட்டத்தட்ட 400 தாள். ஒரு ஸ்கேனர் வாங்கி, நாளைக்குப் பத்து தாள் என்ற கணக்கில் எல்லாவற்றையும் இந்தக் கறுப்புப் பெட்டிக்குள் ஏற்றினேன். இரண்டு வருடம் கழித்து டிரங்குப் பெட்டிக்குள் கரையான் புகுந்தது. மூலத்தில் மிஞ்சியது கால்வாசிகூட இல்லை. அதற்குப் பிறகு அந்தக் காகிதங்கள் என்றால் எங்கள் குடும்பத்துக்கு இந்தக் கறுப்புப் பெட்டிதான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இந்த வருடம் தை மாதம் என் லேப்டாப்பில் இருந்த பழைய லினக்ஸை எடுத்துவிட்டுப் புதிய பதிப்பைப் போட்டேன். மெனு எல்லாம் பிரெஞ்சில்தான் வைத்திருக்கிறேன். மகன் கேலி செய்வான். நான் படித்தது பிரெஞ்சு மீடியம். கணக்கும் பூகோளமும் அந்த மொழியில்தான் மண்டையில் ஏறின. ஆங்கிலம் என்பது உத்தியோகத்துக்கு வந்த பிறகு ஃபைல் பார்த்துப் பார்த்துக் கற்றது. அதனால் நெட்வொர்க் என்று மற்றவர்கள் பார்க்கிற இடத்தில் எனக்கு ‘ரேஸோ’ என்று இருக்கும். வலை என்று அர்த்தம். அதைத் தட்டினால் கறுப்புப் பெட்டியின் பெயர் வரும். பெயரைத் தட்டினால் பெட்டி திறக்கும். பத்து வருடமாக இதுதான் வழக்கம்.

மாசியில் ஒரு வியாழக்கிழமை இரவு அக்கா மகள் பிரான்ஸிலிருந்து கூப்பிட்டாள்.

“மாமா, தாத்தா ஆயா கல்யாண ஆக்த் ஸ்கேன் பண்ணி வச்சிருக்கேன்னு சொன்னீங்களே, அது வேணும். எந்தக் கொம்யூன், எந்த வருஷம், என்ன நம்பர்னு தெரியணும். திங்கட்கிழமை காலையில ரான்தேவூ.”

அவள் மகனுடைய குடியுரிமைக் கோப்புக்காக. அங்கே சும்மா ‘எங்கள் பாட்டனார் புதுச்சேரிக்காரர்’ என்றால் போதாது. கல்யாணப் பதிவு எந்தக் கொம்யூன், எந்த ஆண்டு, எத்தனையாவது எண் என்று எழுதிக் கொடுத்தால்தான் சான்றிட்ட நகலுக்கு மனுப் போட முடியும். எண் தெரியாவிட்டால் தேடுவது யார்? நான் அந்த வேலையில் இருந்தவன், எனக்குத் தெரியும்.

“அஞ்சு நிமிஷத்துல அனுப்புறேன்” என்று சொல்லிவிட்டு ரேஸோவைத் தட்டினேன். வெற்று வெள்ளைப் பக்கம். பெட்டியும் இல்லை, பெட்டியின் பெயரும் இல்லை. பெட்டியை அணைத்துப் போட்டேன். ரௌட்டரை அணைத்துப் போட்டேன். அப்போதும் இல்லை. என் மனைவி வந்து பார்த்துவிட்டு, “பச்சை வெளக்கு எரியுதே, பொட்டி நல்லாத்தானே இருக்கு” என்றாள். அவள் சொன்னதை அப்போது நான் காதில் வாங்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை தெரிந்த ஒரு கம்ப்யூட்டர் கடையிலிருந்து ஒரு பையன் வந்தான். நல்ல பையன், மரியாதை தெரிந்தவன். தன்னுடைய விண்டோஸ் லேப்டாப்பில் பார்த்தான். அதிலும் பெட்டி தெரியவில்லை. “டிஸ்க் போயிடுச்சு சார். பழைய மாடல். கழட்டிக்கிட்டுப் போய் டேட்டா ரெக்கவரி போட்டுப் பாக்கலாம். 30,000 ஆகும், வந்தா வரும்” என்றான். மகனிடம் ஃபோனில் சொன்னேன். “அப்பா, பதினாலு வருஷ பொட்டி அது. குடுத்துடுங்க. நான் புதுசு வாங்கி அனுப்பறேன்” என்றான்.

புதுசு வாங்கலாம். அதற்குள் அப்பாவின் கல்யாண ஆக்த் இருக்குமா?

பையனிடம் ஞாயிற்றுக்கிழமை வரை பொறுக்கச் சொன்னேன். என்னைத் தடுத்தது ஒரு பழைய ஞாபகம். 33 வருடக் குமாஸ்தா உத்தியோகத்தில் பாதிக்கு மேல் நான் இருந்தது பதிவேடுகள் உள்ள அறையில். எத்தா சிவில் என்று எங்கள் ஊரில் இன்னும் சொல்வார்கள். அங்கே பிறப்புப் பதிவேடு ஒவ்வொரு வருடத்துக்கும் ஒன்று. பத்து வருடத்துக்கு ஒரு முறை அந்தப் பெயர்களையெல்லாம் அகர வரிசையில் எழுதி ஒரு அட்டவணை போடுவார்கள். ‘தாபிள் தெசெனால்’ என்று பெயர். யாராவது வந்து கேட்டால் முதலில் அட்டவணையைத்தான் பார்ப்போம்.

எண்பதுகளில் ஒரு நாள் ஒரு கிழவி, சொல்தா வீட்டு அம்மாள், புருஷனுடைய பிறப்பு நகல் கேட்டு வந்தார். பென்ஷனுக்காக. மூன்று தடவை வந்து திரும்பியிருக்கிறார். என்னிடம் வந்தபோது, “என் புருஷன் பொறக்கவே இல்லன்னு சொல்றாங்கய்யா” என்றார். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. புருஷன் பெயர் சின்னசாமி. கையில் இருந்த காகிதத்தில் அதை ஆங்கில முறைப்படி எழுதியிருந்தது, ஆகவே சக ஊழியர் அட்டவணையில் ‘சி’ எழுத்தில் தேடியிருக்கிறார். பிரெஞ்சுக் குமாஸ்தா அந்தப் பெயரைக் காதால் கேட்டு ‘எஸ்’ எழுத்தில் தொடங்கி எழுதியிருப்பான். நான் அட்டவணையை மூடி வைத்துவிட்டு, அந்த வருடத்துப் பதிவேட்டையே எடுத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டினேன். மனிதர் அங்கே சௌக்கியமாகப் பிறந்திருந்தார்.

ரேஸோ என்பது அட்டவணை. பதிவேடு வேறு. வெள்ளிக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டு அட்டவணையை மூடி வைத்தேன்.

முதலில், பெட்டி வீட்டு வலைக்குள் இருக்கிறதா? இதற்கு லினக்ஸும் வேண்டாம், விண்டோஸும் வேண்டாம். பிரவுசரில் 192.168.1.1 என்று போட்டால் ரௌட்டரின் பக்கம் வரும். தன்னிடம் முகவரி வாங்கினவர்கள் பட்டியலை அது வைத்திருக்கும். என் லேப்டாப், மனைவியின் ஃபோன், டிவி, பிரிண்டர், இன்னொரு ஆசாமி. அந்த ஆசாமியின் முகவரி 192.168.1.7. பக்கத்தில் பன்னிரண்டு எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு நீளக் குறி. மேக் முகவரி என்பார்கள். கருவி தயாராகும்போதே வைத்துவிடுகிற அடையாளம் அது. பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தேன். அடிப்பக்க ஸ்டிக்கரில் அதே குறி. ஆக இருக்கிறான்.

இரண்டாவது, கூப்பிட்டால் பதில் சொல்கிறானா? டெர்மினலைத் திறந்து பிங் என்று அடித்து அந்த முகவரியைக் கொடுத்தேன். வரிக்கு வரி பதில் வந்தது. ஒன்றுகூடத் தவறவில்லை. டிஸ்க் செத்துப்போன பெட்டிகூட பிங்குக்குப் பதில் சொல்லும், அதனால் இது முழுச் சாட்சி இல்லை. ஆனால் கம்பியும் ரௌட்டரும் சரி என்பதற்கு இது போதும்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிட வேண்டும். என்னோடு ஓய்வுபெற்ற ஒருவர் வீட்டிலும் இதே மாதிரி பெட்டி தெரியாமல் போனது. அங்கே காரணம் ரொம்ப அற்பம். லேப்டாப்பை விருந்தாளிகளுக்கான வைஃபையில் சேர்த்திருந்தார்கள். விருந்தாளி வைஃபையில் இருப்பவர் இன்டர்நெட்டுக்குப் போகலாம், வீட்டுக்குள் இருக்கும் மற்ற கருவிகளைப் பார்க்க முடியாதபடி ரௌட்டர் மறித்துவிடும். அவருக்கு பிங்கே போயிருக்காது. சில லினக்ஸ் பதிப்புகளில் ஃபயர்வால் ஆரம்பத்திலேயே விழித்துக்கொண்டிருக்கும், அதுவும் தடுக்கலாம். என் விஷயத்தில் இரண்டும் இல்லை.

பிங் வருகிறது, பெயர் மட்டும் பட்டியலில் வரவில்லை. ஏன்? இதைப் புரிந்துகொள்ள எனக்கு வெள்ளிக்கிழமை மாலை முழுதும் ஆயிற்று. ஒரு கருவி ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்று தெருவில் கூவ வேண்டும். கூவினால்தான் பட்டியலில் பெயர் வரும். கூவுவதில் மூன்று விதம் இருக்கிறது. பழையது நெட்பயாஸ், அது 137-ஆம் எண் வழியாகக் கூவும். இரண்டாவது எம்டிஎன்எஸ், 5353-ஆம் எண். லினக்ஸில் இந்தக் கூவலைக் கேட்பதற்கு இருக்கும் ஆளுக்கு அவாஹி என்று பெயர். அவாஹி மடகாஸ்கர் காட்டில் இருக்கும் ஒரு லெமூர், பெரிய கண், மரத்தில் ஒட்டிக்கொண்டு பகலெல்லாம் தூங்கும். பள்ளியில் மடகாஸ்கரின் ஆறு, மலை, விலங்கு எல்லாம் பிரெஞ்சில் ஒப்பித்தவன் நான். காவிரியைவிட அந்தத் தீவின் நதிகளை நன்றாகச் சொல்வேன். அந்தப் பிராணி அறுபது வருடம் கழித்து என் லேப்டாப்புக்குள் வந்து உட்காரும் என்று யார் கண்டது! மூன்றாவது டபிள்யூஎஸ்-டிஸ்கவரி, 3702-ஆம் எண். புதிய விண்டோஸ் இதைத்தான் நம்புகிறது.

அவாஹியைக் கேட்டேன். பிரிண்டரைக் காட்டியது, பெட்டியைக் காட்டவில்லை. 2011-இல் வந்த என் பெட்டிக்குப் பழைய கூவல்தான் தெரியும். நெட்பயாஸ் வழியாக நேரே அந்த முகவரியிடமே ‘உன் பெயர் என்ன’ என்று கேட்க ஒரு கட்டளை உண்டு, என்எம்பி லுக்கப் என்று. கேட்டேன். பெட்டி தன் பெயரைச் சொன்னது! மகன் 2011-இல் வைத்த பெயர். என் மனைவியின் செல்லப் பெயர் அது. வெள்ளிக்கிழமை இரவு பத்து மணிக்கு அந்தப் பெயர் கறுப்புத் திரையில் வந்தபோது அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். “நான்தான் நேத்தே சொன்னேனே” என்றாள்.

பெயர் சொல்கிறவனை, பெயர் சொல்லிக் கூப்பிடாமல் வீட்டு எண்ணைக் கொண்டே போய்ப் பார்ப்போம் என்று ஃபைல் மேனேஜரில் எஸ்எம்பி என்று தொடங்கி 192.168.1.7 முகவரியை அடித்தேன். பிரெஞ்சில் ஒரு பதில் வந்தது: ‘அர்குமான் அன்வலீத்’. வாதம் செல்லாது. நீதிபதி சொல்வதுபோல் இருந்தது. நான் வாதமே வைக்கவில்லை!

அடுத்து 445-ஆம் எண் திறந்திருக்கிறதா என்று பார்த்தேன். ஃபைல் பரிமாற்றத்துக்கு உட்கார்ந்திருக்கும் ஜன்னல் அது. திறந்திருந்தது. ஆக, ஆபீஸ் திறந்திருக்கிறது, குமாஸ்தா நாற்காலியில் இருக்கிறார், பெயர் கேட்டால் சொல்கிறார், மனுவை நீட்டினால் மட்டும் திருப்பிவிடுகிறார். டெர்மினலில் எஸ்எம்பி கிளையன்ட் என்கிற கருவியை வைத்து மனுவை நீட்டினேன். அது கொஞ்சம் தெளிவாகப் பேசியது. ‘ப்ரோட்டோகால் நெகோஷியேஷன் ஃபெயில்ட்’ என்றது. எந்த மொழியில் பேசுவது என்ற உடன்பாடே ஏற்படவில்லை என்று பொருள்.

இங்கேதான் விஷயத்தின் வேர் இருக்கிறது. கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கம்ப்யூட்டர்கள் ஒன்றோடொன்று ஃபைல் கேட்டு வாங்குகிற எஸ்எம்பி என்ற பேச்சுமுறை எண்பதுகளின் ஆரம்பத்தில் ஐபிஎம் கம்பெனியில் பாரி ஃபைகன்பாம் என்பவர் உண்டாக்கியது. பிறகு மைக்ரோசாஃப்ட் அதை எடுத்து வளர்த்தது. விண்டோஸ் இல்லாத கம்ப்யூட்டர்கள் அதைப் பேச வழி செய்தவர் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல், ஆஸ்திரேலியாவில் கான்பெராவில் ஆராய்ச்சி மாணவராக இருந்தவர், 1990-களின் தொடக்கத்தில். அந்த மென்பொருள்தான் சாம்பா. எஸ், எம், பி என்ற மூன்று எழுத்தும் இதே வரிசையில் வருகிற சொல்லை அகராதியில் தேடிப் பிடித்து வைத்த பெயர் அது.

பேச்சுமுறையின் உள்விவரம் கையில் இல்லாமல் எப்படிக் கற்றுக்கொண்டார்? அவரே ஒரு உவமை சொல்லியிருக்கிறார். புத்தகமும் வாத்தியாரும் இல்லாமல் பிரெஞ்சு கற்க வேண்டுமென்றால் ஒரு பிரெஞ்சு காஃபேயில் போய் உட்கார்ந்துகொள். வாடிக்கையாளன் என்ன சொல்கிறான், பரிமாறுகிறவன் என்ன கொண்டு வருகிறான் என்று கவனி. இன்ன சொல்லுக்கு இன்ன பண்டம் என்று மெல்லப் பிடிபடும். அப்படித்தான் கம்பியில் போகிற பேச்சை ஒட்டுக்கேட்டுக் கேட்டு சாம்பாவை எழுதினார்களாம். இதைப் படித்தபோது எனக்குக் குஷி தாங்கவில்லை. நாங்கள் பிரெஞ்சு கற்றது பிரம்படியில். இந்த மனிதர் காஃபே வழி என்கிறார்.

அந்தப் பேச்சுமுறையின் முதல் பதிப்பை எஸ்எம்பி1 என்பார்கள். அதில் ஓட்டைகள் இருந்தன. 2017 மே மாதம் வன்னாக்ரை என்ற நச்சு நிரல் அந்த ஓட்டை வழியாக விண்டோஸ் கம்ப்யூட்டர்களுக்குள் புகுந்து ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. இங்கிலாந்தில் ஆஸ்பத்திரிகள் தடுமாறின, பிரான்ஸில் ரெனோ கார் தொழிற்சாலைகள் சில உற்பத்தியை நிறுத்தின. அதே வருடம் இலையுதிர் காலத்தில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து எஸ்எம்பி1-ஐ இயல்பாகப் போடுவதை விட்டுவிட்டார்கள். சாம்பா 2019 செப்டம்பரில் 4.11 பதிப்பில் அதே மாதிரி, ‘இரண்டாம் பதிப்புக்குக் கீழே பேசமாட்டேன்’ என்று இயல்பு நிலையை மாற்றியது.

என் பெட்டியின் நிர்வாகப் பக்கம் பிரவுசரில் திறந்தது. அதன் மென்பொருள் கடைசியாகப் புதுப்பிக்கப்பட்டது 2013-இல். எஸ்எம்பி2 என்ற சொல்லே அங்கே எங்கும் இல்லை. அந்தப் பக்கத்தில் இன்னொன்றும் இருந்தது: டிஸ்க் 1, டிஸ்க் 2, இரண்டுக்கும் நேரே பச்சைப் புள்ளி.

ஆக, பேச மறுத்தது பெட்டி இல்லை. மறுத்தது என் புதிய லினக்ஸ். காரணம் அதன் நன்மைக்கும் என் நன்மைக்கும்தான். பழைய பதிப்பு இருந்தவரை அது பழைய மொழியில் பேசிக்கொண்டிருந்தது. அக்கம்பக்கப் பட்டியல் போடுகிற பழைய ஏற்பாடும் எஸ்எம்பி1-ஐ ஒட்டியே இருந்தது, ஆகவே ஒன்று போனதும் இரண்டும் போயின. கடைப் பையனின் விண்டோஸிலும் இதே கதைதான். அவன் பொய் சொல்லவில்லை. தன் திரையில் தெரியாததை இல்லை என்று நினைத்தான்.

அவனிடம் டிஸ்க்கைக் கழற்றிக் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்தபோதுதான் எனக்கு வியர்த்தது. இந்தப் பெட்டிகளின் டிஸ்க்குகள் லினக்ஸ் முறையில் அமைந்தவை. அதைக் கொண்டுபோய் விண்டோஸ் கம்ப்யூட்டரில் சொருகினால் அதற்குப் படிக்கத் தெரியாது. ‘இந்த டிஸ்க்கைப் பயன்படுத்த ஃபார்மட் செய்ய வேண்டும், செய்யட்டுமா?’ என்று கேட்கும். அவசரத்தில் ஒரு ஆம்.

சனிக்கிழமை காலை குளித்துவிட்டு உட்கார்ந்தேன். எஸ்எம்பி கிளையன்ட் கட்டளையின் கடைசியில் ‘கிளையன்ட் மின் ப்ரோட்டோகால் = என்டி1’ என்று ஒரு விருப்பத்தைச் சேர்த்தேன். அந்த ஒரு தடவைக்கு மட்டும் பழைய மொழியில் பேசச் சம்மதம் என்று பொருள். என்டர் தட்டினேன். பெட்டியின் உள்ளறைகள் வரிசையாக வந்தன: போட்டோ, பாட்டு, காகிதங்கள்.

இதையே சாம்பாவின் அமைப்பு ஃபைலில் நிரந்தரமாக எழுதிவிட்டால் ரேஸோவிலேயே தட்டித் திறக்கிற பழைய சுகம் கிட்டத்தட்டத் திரும்பிவிடும். பலரும் அதைத்தான் செய்யச் சொல்கிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. மூடியதற்குக் காரணம் இருக்கிற கதவை எனக்கு வசதி என்பதற்காக எப்போதும் திறந்து வைப்பானேன்? அதனால் மவுண்ட் கட்டளையில், ‘வெர்ஸ்=1.0’ என்று பழைய மொழியையும் ‘ஆர்ஓ’ என்று படிக்க மட்டும் அனுமதியையும் சேர்த்து, காகிதங்கள் அறையைத் தற்காலிகமாக இணைத்தேன். படிக்க மட்டும் என்றால் என் கை தவறிப் பட்டாலும் உள்ளே எதுவும் அழியாது. லேப்டாப்பை அணைத்துப் போட்டால் இந்த இணைப்பும் போய்விடும். அது வரை இன்டர்நெட் கம்பியை ரௌட்டரிலிருந்து பிடுங்கி வைத்தேன். இது அதிகப்படி ஜாக்கிரதை என்று மகன் சொன்னான். இருக்கட்டும்.

முதலில் அந்த ஒரு ஸ்கேனை மட்டும் எடுத்தேன். வில்லியனூர் கொம்யூன், 1938. எண்ணும் தெளிவாக இருந்தது. அக்கா மகள் புதுச்சேரி கொம்யூன் என்றே நினைத்துக்கொண்டிருந்தாள். அந்த ஊர்ப் பெயரை எழுதி மனுப் போட்டிருந்தால் இல்லை என்றுதான் பதில் வந்திருக்கும். பிறகு லேப்டாப்பையும் கம்பி வழியாக ரௌட்டரில் சொருகி, யுஎஸ்பி ஹார்ட் டிஸ்க் ஒன்றை வைத்து, ஆர்சிங்க் என்கிற நகல் கட்டளையைக் கொடுத்து, மற்ற அறைகளையும் இதே மாதிரி ஒவ்வொன்றாக இணைத்து எல்லாவற்றையும் எடுத்தேன். 180 ஜிபி. பழைய பெட்டி நொடிக்குப் பத்து எம்பிக்கு மேல் கொடுக்காது. சாப்பிட்டு, தூங்கி எழுந்து, காபி குடித்து வந்து பார்த்தபோதும் ஓடிக்கொண்டிருந்தது. ஐந்து மணி நேரம் சொச்சம். பிறகு மூலத்தையும் நகலையும் ஃபைலுக்கு ஃபைல் ஒப்பிடச் சொன்னேன், அதற்கு இன்னும் அவ்வளவு நேரம். ‘ஒப்புநோக்கப்பட்டது’ என்று முத்திரை குத்தாமல் எந்த நகலையும் வெளியே விட்டதில்லை. அந்தப் பழக்கம் போகவில்லை.

இன்டர்நெட் கம்பியைத் திரும்பச் சொருகி ஸ்கேனை அனுப்பினபோது பிரான்ஸில் சாயங்காலம். அரை மணி நேரத்தில் கூப்பிட்டாள்.

“மாமா, கீழ கையெழுத்துப் பாத்தீங்களா? ஆயா தமிழ்ல போட்டிருக்காங்க. ஆயாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாதுன்னுதானே அம்மா சொல்வாங்க?”

நான் இத்தனை வருடத்தில் அதைக் கவனித்ததே இல்லை. எண், ஆண்டு, முத்திரை, அதிகாரி கையெழுத்து, இதையே பார்த்துப் பழகின கண். பெரிதாக்கிப் பார்த்தேன். பிரெஞ்சு எழுத்துகளுக்கு நடுவில், கோணலாக, ஒவ்வொரு எழுத்தையும் அழுத்தி அழுத்தி, அம்மாவின் பெயர். அதற்குப் பிறகு அம்மா எதிலும் கையெழுத்துப் போட்டு நான் பார்த்ததில்லை. ரேஷன் கார்டில்கூட கைநாட்டுதான்.

திங்கட்கிழமை ரான்தேவூ நல்லபடியாக முடிந்தது. கோப்பை வாங்கிக்கொண்டார்கள், இனி அவர்கள் பாடு.

மகன் புதுப் பெட்டி அனுப்பிவிட்டான். அது மூன்று விதமாகவும் கூவுகிறது, ரேஸோவைத் திறந்தால் ஒரே பெட்டி இரண்டு பெயரில் வந்து நிற்கிறது. பழையதை நான் வெளியே தள்ளவில்லை. மாதம் ஒரு முறை எழுப்பி, புதிதாகச் சேர்ந்ததை நிர்வாகப் பக்கம் வழியாக ஏற்றிவிட்டுத் தூங்க வைக்கிறேன்.

கடைப் பையனை வீட்டுக்கு வரச் சொல்லி எல்லாவற்றையும் காட்டினேன். ரௌட்டர் பட்டியல், மேக் முகவரி, பிங், 445, கடைசியில் அந்த என்டி1 வரி. தன் ஃபோனில் படம் பிடித்துக்கொண்டான். போன வாரம் ஒரு டாக்டர் வீட்டிலிருந்து கூப்பிட்டான்.

“சார், இங்க ஒரு பொட்டி. பிங் வருது. ஆனா 445 மூடியிருக்கு. என்ன பண்றது?”

“நிர்வாகப் பக்கம் திறக்குதா பார். ஃபைல் ஷேரிங்கையே யாராவது அணைச்சு வச்சிருப்பாங்க. டிஸ்க்கை மட்டும் கழட்டாதே” என்றேன்.

“கழட்டல சார்” என்றான்.